செருப்பில்லா வேண்டுதல்

புலிலேகா, லம்பாசா
7-2-1988

சம்பந்தியம்மாவுக்கு கம்லா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். ஹோனியாராவில் நீங்கள், மாப்பிள்ளை, என் பெண் ஆஷா மூன்று பேரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

நவுசோரியில் உங்களைப் பிளேன் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அவருக்கென்ன, கரும்பு நின்றால் போதும். போன வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு முதலில் மகன் விரேந்திரா ஆக்லாந்து போனான். இப்போது இவள். மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆபீசில் சம்பளத்தையும் வெட்டி, நேற்று வந்தவனை அவருக்கு மேலே உட்கார வைத்தால் யார்தான் இருப்பார்கள்? ஆனால் சிட்னி, வான்கூவர் என்று எல்லாரும் போக, உங்கள் பிள்ளைக்குக் கிடைத்தது சாலமன் தீவு. ஃபிஜியைவிட வெயிலாமே. இதற்கு இங்கே இருந்த நசினு வீடே தேவலை என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் இந்தப் பக்கத்தில் தமிழில் கடுதாசி எழுத என்னை விட்டால் ஆளில்லை. ஆக்லாந்துப் பேத்தி அஞ்சீதா எனக்கு இங்கிலீஷில் எழுதுகிறாள், அதை வேறு ஒருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே நீங்கள் மாதம் ஒன்றாவது எழுதுங்கள். ஆஷா எழுதமாட்டாள், சோம்பேறி. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் மடி நிறையவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
கம்லா


ஹோனியாரா
11-3-1988

அன்புள்ள சம்பந்தியம்மா,

நீங்களும் அப்பல்சாமி அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலமே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆஷாவுக்குக் காய்ச்சல். பயப்பட வேண்டாம், இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

பட்டப்பகலில், இந்தப் புழுக்கத்தில், பல் கிட்டிப்போகிற மாதிரி குளிர் வந்தது. வீட்டில் இருந்த போர்வை எல்லாம் போட்டு அதன்மேல் நானும் படுத்துக்கொண்டேன். பிறகு அனல். பிறகு வியர்த்து ஊற்றிவிட்டது. சரியாயிற்று என்று கஞ்சி வைத்தால் ஒருநாள் விட்டு மறுபடி அதே குளிர். கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்றார்கள். கொசு கடித்து வருவதாம். நம்ம ஃபிஜியில் இது கிடையாது, அதனால் நம் உடம்புக்கு இதைத் தெரியாது என்று நர்ஸ் சொன்னாள். கசப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மகன் நரேந்திராவும் நானும் முன்கூட்டியே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆஷா மட்டும் வாந்தி வருகிறதென்று விட்டுவிட்டாள். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும்.

கொசுவலை வாங்கிக் கட்டிவிட்டோம். நீங்கள் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்றும் அன்புடன்,
சுஷீலா


புலிலேகா
2-4-1988

சம்பந்தியம்மாவுக்கு கம்லா. இங்கே யாருக்கும் குறைவில்லை. அங்கே என் பெண் எப்படி இருக்கிறாள்?

கடுதாசி வந்த அன்றே தலைக்குக் குளித்து நம்ம மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். குளிரும் அனலும் மாறி மாறி வருவது கொசு வேலை இல்லை, அம்மா வேலை. மாத்திரையைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் துணியில் ஒரு டாலர் முடிந்து, அம்மா காலடியில் வைத்து, என் பெண் காய்ச்சல் தீர்ந்து ஆகஸ்டில் இங்கே வந்து தீ மிதிப்பாள், அதுவரைக்கும் காலில் செருப்பு தொடமாட்டாள் என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். எல்லாரும் கேட்டார்கள். எங்கள் வீட்டு வேண்டுதல் வாயால் சொல்லி மனசால் விடுகிற வேண்டுதல் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

இதை ஆஷாவுக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, வெறுங்கால்தான். மாப்பிள்ளை ஏதாவது சொன்னால் மாமியார் கட்டளை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கம்லா


ஹோனியாரா
8-5-1988

அன்புள்ள சம்பந்தியம்மா,

இருவரும் சுகம்தானே? கரும்பு இந்த வருஷமாவது நேரத்துக்கு வெட்டுவார்களா?

முதலில் நல்ல சேதி. காய்ச்சல் நின்றுவிட்டது. அதைவிட நல்ல சேதி, ஆஷா முழுகாமல் இருக்கிறாள். நான் எழுதுகிறேன் என்றால், இல்லை நானே எழுதுகிறேன் என்று சண்டைக்கு வந்தாள், கடைசியில் வெட்கப்பட்டு என்னிடமே விட்டுவிட்டாள்.

நீங்கள் சொன்னபடி வெறுங்காலோடுதான் இருக்கிறாள். ஒருநாள் தவறவில்லை. நரேந்திராவுக்குப் பிடிக்கவில்லை. மாமியார் கால் இங்கே வராது, மகள் காலை வைத்து நடக்கிறார்கள் என்று முணுமுணுத்தான். நான் அதட்டிவிட்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே ஆஷா பாஜிக் கீரையும் பயற்றங்காயும் போட்டிருக்கிறாள். காலையில் இறங்கினால் வெயில் ஏறும்வரை வரமாட்டாள். மண் நல்ல மண், ஆனால் எப்போதும் ஈரம். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழிக் கக்கூஸ். பெருமழை பெய்தால் நிரம்பி இந்தப் பக்கம் வழிகிறது. விரலிடுக்கில் அரிப்பு என்று சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறாள். இதற்கு என்ன போடுவது, சொல்லுங்கள்.

அன்புடன்,
சுஷீலா


புலிலேகா
29-5-1988

சம்பந்தியம்மா, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும். இவர் கடுதாசியைக் கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அழுவதைப் பார்க்கவிட மாட்டார்.

பார்த்தீர்களா, அம்மா கேட்டதற்கு மேலே கொடுத்தாள். காய்ச்சலைத்தான் எடுக்கச் சொன்னேன், மடியையும் நிறைத்தாள். கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ப்ரேமிலா என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் மருமகளுக்கு வேண்டிப் பலிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என்ன செய்ய?

பிள்ளைத்தாய்ச்சி தீ மிதிக்கக் கூடாது. அதனால் அடுத்த ஆகஸ்டில் குழந்தையோடு வந்து மிதிக்கட்டும் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் வெறுங்கால் தொடரட்டும். காய்ச்சல்தான் தீர்ந்துவிட்டதே என்று கேட்பீர்கள். கொடுத்தவளுக்கு நாமும் கூடக் கொடுக்க வேண்டாமா?

அரிப்புக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போதும். சேற்றுப்புண் யாருக்குத்தான் வரவில்லை.

பேரனோ பேத்தியோ, எதற்கும் தயாராக இருக்கும்,
கம்லா


ஹோனியாரா
20-6-1988

அன்புள்ள சம்பந்தியம்மா,

நலம், நலமறிய ஆவல்.

காய்ச்சல் திரும்ப வந்தது. இந்த முறை சீக்கிரமே மாத்திரை கொடுத்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆஷா தேறவில்லை. உள்ளங்கையைத் திருப்பினால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கிறது. வீட்டு வாசலில் மூன்று படி, அதை ஏறிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். அரிசிப் பானையில் கை விட்டுப் பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். மசக்கை என்று சிரித்தேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

ரத்தம் ரொம்பக் குறைவாம். மலேரியா மட்டும் இவ்வளவு குறைக்காது, வேறு ஏதோ உள்ளே இருந்து குடிக்கிறது என்றார். காலைப் பார்த்தார். புழு இருக்கலாம் என்று மலம் பரிசோதிக்கக் கேட்டு ஒரு டப்பி கொடுத்தார். ஆஷாவுக்கு வெட்கம், கொண்டுபோக மாட்டேன் என்கிறாள். செருப்பில்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

நரேந்திரா அன்றைக்கே ஒரு செருப்பு வாங்கி வந்துவிட்டான். அவள் தொடவில்லை. என் அம்மாவைக் கேட்டு எழுதுங்கள், அம்மா சரி என்றால் போடுகிறேன் என்கிறாள். செருப்பு போடலாமா? டப்பியைக் கொடுக்கலாமா? உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கிறோம்.

சுஷீலா


புலிலேகா
5-7-1988

சம்பந்தியம்மாவுக்கு கம்லா. நாங்கள் சுகம்.

உங்கள் கடுதாசி எனக்குச் சுகமாக இல்லை. புழு என்பது நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக் கூலி லைனில் இருந்த காலத்து வியாதி. என் பாட்டி சொல்லியிருக்கிறாள், வரிசையாக நிற்க வைத்து வெள்ளைக்காரன் மருந்து ஊற்றுவானாம். அந்த அவமானம் அவளோடு போயிற்று. என் வீட்டில் வளர்ந்த பெண்ணிடம் டப்பி நீட்டுவதா? ஆஷா வெட்கப்பட்டது சரி. அவள் என் பெண்.

வேண்டுதலை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்ன சொல்லை மீறுவதா? செருப்பு வேண்டாம். முருங்கைக்கீரை கொடுங்கள், பீட்ரூட் கொடுங்கள், ரத்தம் ஊறும். நான் மூன்று பெற்றவள். மூன்றையும் வெறுங்காலோடு கரும்பு வயலில் நின்றுகொண்டுதான் சுமந்தேன்.

இதையும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கம்லா


ஹோனியாரா
9-8-1988

சம்பந்தியம்மா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது. குழந்தை தங்கவில்லை. ஆண். போன மாதக் கடைசியில், ஆஸ்பத்திரியில். ஆஷா பிழைத்திருக்கிறாள்.

நரேந்திரா ரத்தம் கொடுத்தான், அவன் நண்பர்கள் இருவர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களே பரிசோதித்துவிட்டார்கள். கொக்கிப்புழு, நிறைய. மலேரியா ரத்தத்தை உடைக்கிறது, புழு மிச்சத்தைக் குடிக்கிறது, ஒன்று மட்டும் என்றால் அந்த உடம்பு தாங்கியிருக்கும் என்றார் டாக்டர். மண்ணிலிருந்து வருகிற புழுவாம்.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுஷீலா


ஹோனியாரா
18-9-1988

சம்பந்தியம்மா,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அப்பல்சாமி அண்ணனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா? கடிதம் தொலைந்திருக்குமோ என்று தபாலாபீசில் கேட்டுவிட்டேன். தொலையவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. உங்கள் ஜூலைக் கடிதத்தை ஆஷாவுக்குப் படித்துக் காட்டியது நான்தான். பாதியில் நிறுத்தியிருக்கலாம். மாற்றிப் படித்திருக்கலாம், அவளுக்குத் தமிழ் வேகமாக வராது, கண்டுபிடித்திருக்க மாட்டாள். சம்பந்தி வீட்டோடு மனத்தாங்கல் வேண்டாம் என்று ஒரு சொல் விடாமல் படித்தேன். அந்தப் பாவத்தை நான் உங்கள்மேல் போடவில்லை.

ஆனால் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. ஆஸ்பத்திரியில் புழு மருந்து கொடுத்தார்கள். மறுபடி ஒருமுறை கொடுக்க வேண்டும், இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். ஆஷா இரண்டையும் தொடமாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அதே ஈர மண்ணில் இறங்கி நிற்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் சொன்னாள். உங்கள் பதில் வந்த பிறகும், டாக்டர் சொன்னாரே என்று பயந்து, எங்களுக்குத் தெரியாமல் தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் செருப்பு போட்டிருக்கிறாள். ஒரு வாரம். அந்த வாரக் கடைசியில்தான் வலி வந்தது.

“நான் செருப்பு போட்டேன், மாமி. அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.” இதைத்தான் சொல்கிறாள். அழுவதுகூட இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். அந்தச் செருப்பு ஒரு கெடுதலும் செய்யவில்லை, மாதக்கணக்காக முன்பே ஏறியதுதான் உள்ளே இருந்தது, செருப்பு புதிதாக ஏறுவதை மட்டும் தடுக்கும் என்றார். அவளிடம் சொன்னேன், நரேந்திரா சொன்னான். டாக்டருக்கு மாரியம்மாவைத் தெரியுமா என்று கேட்கிறாள். கண்ணிமைக்குக் கீழே மறுபடி வெளுத்துவிட்டது. இந்த நிலையில் இன்னொரு காய்ச்சல் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்காலம் வருகிறது.

நாங்கள் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். உங்கள் வார்த்தையைத்தான் கேட்டாள். இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சுஷீலா


புலிலேகா
9-10-1988

ஆஷாவுக்கு உன் அம்மா எழுதுவது. சம்பந்தியம்மா, இதை மெதுவாகப் படியுங்கள். இந்த முறையும் ஒரு சொல்லும் விட வேண்டாம்.

மகளே, நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் ஏன் இரண்டு மாதம் எழுதவில்லை என்று சொல்கிறேன். மண்ணிலிருந்து வருகிற புழு என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. லம்பாசா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நர்சிடம், யாருக்கோ என்று சொல்லிக் கேட்டேன். காலில் ஏறும், விரலிடுக்கில் அரிக்கும் என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆகஸ்டில் தீமிதி நடந்தது. உனக்கு என்ன ஆயிற்று, குழந்தை எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். சுகமாக இருக்கிறாள் என்றேன். உன் பிள்ளை போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

நீ செருப்பு போட்டதற்காக மாரியம்மா பிள்ளையை எடுத்தாள் என்கிறாயாம். இப்போது கேள். அன்றைக்குக் கோயிலில் நடந்ததை நான் உனக்குச் சரியாக எழுதவில்லை. பூசாரி என்னிடம் ஒரு விளக்கு ஏற்றி ஒரு தேங்காய் உடைத்தால் போதும், பெண் பிழைப்பாள் என்றார். அதற்கு முன்னால் ப்ரேமிலா தன் மருமகளுக்குக் கரகம் எடுப்பதாகச் சத்தமாக வேண்டியிருந்தாள். கூட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளைவிடப் பெரிதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, உன் காலை எடுத்துச் சொன்னேன். என் காலைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

அம்மா உன்னிடம் செருப்பைக் கேட்கவே இல்லை. கேட்டது நான். காய்ச்சல் தீர்ந்த பிறகும் இன்னும் ஒரு வருஷம் என்று நீட்டியது நான். டப்பியைக் கொடுக்காதே என்றது நான். பாட்டிக்கு வந்த அவமானம் எனக்கும் வரக்கூடாது என்று உன் ரத்தத்தைக் கொடுத்தேன். நீ மறைத்துச் செருப்பு போட்ட அந்த ஒரு வாரம்தான் இந்தக் கதையில் யாரோ ஒருத்தி புத்தியோடு நடந்த வாரம். நீ பயந்தது மாரியம்மாவுக்கு இல்லை, ஆஷா. எனக்கு.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் இருக்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிட்டேன். மஞ்சள் முடிச்சை அவிழ்த்துப் பூசாரியிடம் கொடுத்துவிட்டேன். ப்ரேமிலா வந்து என் கையைப் பிடித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. அப்பாவிடமும் சொன்னேன். அவர் என்னோடு இன்னும் பேசவில்லை.

மருந்தைக் குடி. இரும்பு மாத்திரையைச் சாப்பிடு. கொசு மாத்திரை வாந்தி வந்தாலும் சாப்பிடு. செருப்பைப் போட்டுக்கொள். இதை அம்மா சொல்கிறேன் என்று செய்யாதே. டாக்டர் சொன்னார் என்று செய்.

உனக்குத் தாயாக இருந்தவள்,
கம்லா


ஹோனியாரா
4-12-1988

அம்மாவுக்கு ஆஷா. அப்பா சுகமா? எழுத்துப் பிழை இருக்கும். மாமி எழுதித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். நீ கற்றுக்கொடுத்த எழுத்துதான்.

உன் கடுதாசி வந்த நாலாம் நாள் புழு மருந்து குடித்தேன். அந்த மூன்று நாளும் உன்மேல் இருந்த கோபத்தில் ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் ஏறியிருக்கிறது. நவம்பரில் காய்ச்சல் வந்தது, ஒரே வாரத்தில் போய்விட்டது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. பின்னால் தோட்டத்தை எடுத்துவிட்டோம். பிள்ளையை இங்கேதான், மலைச்சரிவில் அடக்கம் செய்திருக்கிறோம். காற்று வருகிற இடம். செருப்பு போட்டுக்கொண்டுதான் போய்வருகிறேன்.

மார்ச்சில் இவருக்கு சிட்னி விசா வந்துவிடும் போலிருக்கிறது. போகும் வழியில் நவுசோரியில் இரண்டு நாள் இருப்போம். நீ விமான நிலையத்துக்கு வராதே, அம்மா. அப்பாவை மட்டும் அனுப்பு. உன் முகத்தைப் பார்த்தால் நீ எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அது போன பிறகு நானே வருகிறேன்.

உன் மகள்,
ஆஷா